கையொப்பத்துக்கு மேலே இருக்கும் வரி: முதுநிலை விண்ணப்பத்தில் ஏ.ஐ. பயன்பாட்டைத் தெரிவிப்பது எப்படி?

2023 ஜூலையில் அமெரிக்காவின் இரண்டு சட்டக் கல்லூரிகள் ஒரே கேள்விக்கு நேர் எதிரான விடைகளை அளித்தன. மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, விண்ணப்பக் கட்டுரைகளை எழுதும்போது சாட்ஜிபிடி போன்ற கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியோ, பயன்படுத்தலாம், ஆனால் பயன்படுத்தியதைத் தெரிவித்து, எழுதியவை உண்மை என்று உறுதியளிக்க வேண்டும் என்றது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்து எட்டு மாதங்கள் ஆன வேளை அது. அமெரிக்காவில் சட்டப் படிப்பு இளநிலைப் பட்டத்துக்குப் பிறகே தொடங்குவதால், இவை இரண்டும் முதுநிலை விண்ணப்பங்களுக்கான விதிகளே.

அன்று தொடங்கிய குழப்பம் இன்னும் தெளியவில்லை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேரில் 1,96,567 பேர் முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளில் இருந்தார்கள். இவர்களைப் போல் விண்ணப்பிக்கும் ஒருவர் எட்டுப் பத்துப் பல்கலைக்கழகங்களுக்கு ஏறத்தாழ ஒரே நோக்க அறிக்கையை (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கட்டுரையை) சிறு மாற்றங்களுடன் அனுப்புவது வழக்கம். அந்த ஒரே அறிக்கை ஓரிடத்தில் விதிமீறலாகவும், இன்னோரிடத்தில் முறையானதாகவும், மூன்றாவது இடத்தில் யாரும் கேட்காத விஷயமாகவும் இருக்கலாம். ஏ.ஐ. உதவியைத் தெரிவிக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பொதுவான ஒரு விடை இல்லாதது இதனால்தான். ஆனால் விடையைக் கண்டுபிடிக்கும் வழி உண்டு.

விண்ணப்பத்தில் நீங்கள் உறுதியளிப்பது எதற்கு?

முதுநிலை விண்ணப்பம் என்பது ஒரே ஆவணம் அல்ல. மதிப்பெண் சான்றிதழ், தேர்வு மதிப்பெண்கள், தன்விவரக் குறிப்பு, நோக்க அறிக்கை எனப்படும் எஸ்.ஓ.பி., சில துறைகளில் எழுத்து மாதிரி, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றின் தொகுப்பு அது. இவற்றில் மாணவர் தாமே எழுதுபவை தன்விவரக் குறிப்பு, நோக்க அறிக்கை, எழுத்து மாதிரி ஆகிய மூன்றும்தான். எல்லாவற்றையும் பதிவேற்றிய பிறகு, சமர்ப்பிக்கும் பொத்தானுக்குச் சற்று மேலே, ‘இவை என் சொந்தப் படைப்பு, தகவல்கள் உண்மை’ என்ற பொருள்பட ஓர் உறுதிமொழி இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிக்காமலேயே கட்டத்தில் டிக் செய்து பெயரைத் தட்டச்சு செய்கிறார்கள். இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

‘சொந்தப் படைப்பு’ என்பதன் எடை ஆவணத்துக்கு ஆவணம் மாறும். தன்விவரக் குறிப்பில் ஒரு வரியைக் கருவி சுருக்கிக் கொடுத்தால் சேர்க்கைக் குழுவின் மதிப்பீடு பாதிக்கப்படாது; அங்கே மதிப்பிடப்படுவது செய்த வேலை, வாக்கிய அழகு அல்ல. எழுத்து மாதிரியில் நிலைமை தலைகீழ். வரலாறு, இலக்கியம், மெய்யியல் போன்ற துறைகளில் அந்த மாதிரியே தேர்வு. அதில் இயந்திரத்தின் கை பட்டால், மதிப்பிட வேண்டிய பொருளே மாறிவிடுகிறது. நோக்க அறிக்கை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முனைவர் பட்டத்துக்கு ஒருவரைச் சேர்க்கும் துறை, அவருக்கு ஐந்து ஆண்டுகள் அளவுக்கு உதவித்தொகையும் ஒரு பேராசிரியரின் நேரமும் ஒதுக்குகிறது. எந்தக் கேள்வியைத் தொடர விரும்புகிறார், ஏன், இதுவரை செய்த வேலை அதற்கு எப்படி இட்டுச் சென்றது என்பதைத் தாமே யோசித்திருக்கிறாரா என்று அறியவே அந்த அறிக்கையைக் கேட்கிறது. மொழி இங்கே இரண்டாம் இடம். யோசனை முதல் இடம். யோசனையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு மொழியை மட்டும் தம்முடையதாக்கிக்கொண்டவர், மொழியில் உதவி பெற்று யோசனையைத் தாமே செய்தவரைவிடப் பெரிய மீறலைச் செய்திருக்கிறார். பல விதிகள் இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

‘பயன்படுத்தினேன்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஆறு செயல்கள்

விதிகளைப் படிக்கும் முன், தாம் செய்தது எது என்று விண்ணப்பதாரர் பிரித்துப் பார்க்க வேண்டும். உதவியின் ஆழம் கூடும் வரிசையில் அவை வருமாறு:

1. தகவல் தேடல்: எந்தத் துறையில் யார் என்ன ஆய்வு செய்கிறார் என்று கேட்பது. கருவி தவறான பெயர்களையும் இல்லாத ஆய்வுகளையும் சொல்லக்கூடும் என்பதால், இதில் உள்ள ஆபத்து நேர்மை சார்ந்ததைவிடத் துல்லியம் சார்ந்தது.

2. பிழை திருத்தம்: எழுத்துப்பிழை, காலம், ஒருமை பன்மை, முன்னிடைச்சொல் ஆகியவற்றைச் சரிபார்ப்பது.

3. யோசனைத் தூண்டல்: ‘என் அனுபவத்தைப் பற்றி என்னிடம் பத்துக் கேள்விகள் கேள்’ என்று சொல்லி, விடைகளைத் தாமே எழுதுவது.

4. வாக்கிய மாற்றம்: தாம் எழுதிய பத்தியைக் கொடுத்து, ‘இதை இன்னும் சரளமாக எழுதிக் கொடு’ என்பது.

5. மொழிபெயர்ப்பு: தமிழில் எழுதி ஆங்கிலமாக்கித் தரச் சொல்வது.

6. வரைவு: குறிப்புகளைக் கொடுத்து, கட்டமைப்பையோ முழு அறிக்கையையோ எழுதச் சொல்வது.

முதல் மூன்றும் பெரும்பாலான இடங்களில் சிக்கலற்றவை. ஆறாவதை ஏறத்தாழ எல்லாருமே ஏற்க மறுக்கிறார்கள். தகராறு முழுவதும் நான்கிலும் ஐந்திலும்தான் நடக்கிறது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம், அதாவது கால்டெக், தன் இளநிலை விண்ணப்பதாரர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், இலக்கணத் திருத்தக் கருவிகளை ஏற்றுக்கொண்டு, வேறு மொழியில் எழுதிய கட்டுரையை ஏ.ஐ. மூலம் மொழிபெயர்ப்பதை முறையற்ற பயன்பாட்டுப் பட்டியலில் வைத்தது. தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே முதல் வரைவை எழுதும் மாணவருக்கு இது எதிர்பாராத அடி. கருத்து, கட்டமைப்பு, அனுபவம் எல்லாம் அவருடையதாக இருந்தும், அந்த வழிகாட்டுதலின்படி அவர் எல்லை தாண்டியவர். அது இளநிலைக்கான விதிதான். ஆனால் மொழிபெயர்ப்பு யாருக்கும் ஆட்சேபம் இல்லாத உதவி என்று எண்ணிக்கொண்டு எந்த விண்ணப்பத்தையும் அணுகக் கூடாது என்பதற்கு அது போதிய சான்று.

நான்கு வகை விதிகள்

இப்போது நடைமுறையில் உள்ள விதிகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. தடை. 2023-இல் மிச்சிகன் எடுத்த நிலை இது. தடை இருக்கும் இடத்தில் ‘பயன்படுத்தினேன்’ என்று அறிவிப்பதால் பயன் இல்லை. அது விதிமீறலை ஒப்புக்கொள்வதாகவே முடியும். அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கருவியின்றி வேறோர் அறிக்கையை எழுதுவது.

2. அனுமதியும் அறிவிப்பும். அரிசோனாவின் நிலை இது. கட்டணம் வாங்கி ஆலோசனை தரும் ஆலோசகரின் உதவி பெற்றவர்களிடம் தாம் கேட்கும் அதே உறுதிமொழியைத்தான் இங்கேயும் கேட்பதாக அந்தக் கல்லூரி விளக்கியது. இந்த ஒப்பீடு முக்கியமானது. கீழே மீண்டும் அதற்கு வருவோம்.

3. வரம்புக்குட்பட்ட அனுமதி, தனி அறிவிப்பு இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பமான ஆம்காஸ், யோசனை திரட்டவும் பிழை பார்க்கவும் திருத்தவும் ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்தலாம், இறுதி வடிவம் விண்ணப்பதாரரின் சொந்த உழைப்பையும் அனுபவத்தையும் உண்மையாகப் பிரதிபலிக்க வேண்டும் என்று உறுதிமொழியிலேயே சொல்கிறது. அங்கே கையொப்பமே அறிவிப்பு.

4. மௌனம். தனியாக ஒரு சொல்லும் இல்லை. பொதுவான ‘சொந்தப் படைப்பு’ உறுதிமொழி மட்டும் இருக்கும். குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

விதிகள் நிலையானவை அல்ல என்பதற்கும் மிச்சிகனே உதாரணம். தடை விதித்த அதே கல்லூரி, 2025-இல் விருப்பக் கட்டுரைகளின் பட்டியலில் ஒரு கேள்வியைச் சேர்த்தது: இப்போது ஏ.ஐ. கருவிகளை எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள், சட்டப் படிப்பை முடிக்கும்போது எவ்வளவு பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறீர்கள்? இந்த ஒரு கேள்விக்கான விடையை மட்டும் ஏ.ஐ. உதவியுடனேயே எழுத வேண்டும் என்பது நிபந்தனை. சென்ற ஆண்டு விண்ணப்பித்த அண்ணனோ அக்காவோ சொன்னதை நம்பி இந்த ஆண்டு செயல்படுவது ஆபத்தானது.

ஆய்வு நிதி உலகமும் இதே திசையில் நகர்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2023 டிசம்பரில், ஆய்வு முன்மொழிவுகளில் ஏ.ஐ. எந்த அளவுக்கு, எப்படிப் பயன்பட்டது என்று குறிப்பிடுமாறு ஊக்குவித்தது. அது கட்டாயம் அல்ல. ஆனால் முனைவர் பட்ட மாணவராகச் சேர்பவர் சில ஆண்டுகளில் சந்திக்கப்போகும் நடைமுறை இதுதான்.

கண்டறியும் மென்பொருளை நம்பி முடிவெடுக்க முடியுமா?

‘சொன்னால்தானே தெரியும்’ என்ற எண்ணத்துக்கும், ‘சொல்லாவிட்டால் மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும்’ என்ற அச்சத்துக்கும் அடிப்படை ஒன்றே: ஏ.ஐ. எழுதியதைக் கண்டறியும் மென்பொருள் நம்பகமானது, அல்லது நம்பகமற்றது என்ற ஊகம். அது செயல்படும் விதத்தைப் பார்த்தால் இரண்டு எண்ணங்களும் பலவீனமானவை என்று புரியும்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளுக்கு அடிப்படையான மொழி மாதிரி என்பது அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும் இயந்திரம். கண்டறியும் மென்பொருள்களில் பல, ஓர் உரையின் சொற்கள் எந்த அளவுக்கு எதிர்பார்க்கத்தக்கவையாக இருக்கின்றன என்று அளக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் எதிர்பார்த்தபடியே வந்தால் ‘இயந்திரம்’ என்றும், எதிர்பாராத சொற்கள் மிகுந்தால் ‘மனிதர்’ என்றும் சாய்கின்றன. பள்ளியில் இலக்கணப் புத்தகம் வைத்து ஆங்கிலம் கற்றவர், பழகிய சொற்களையும் பழகிய வாக்கிய அமைப்புகளையும் பயன்படுத்துகிறார். அவருடைய உரை இயல்பாகவே எதிர்பார்க்கத்தக்கது. விளைவு தெளிவு.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. 18 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களும் ஒருமித்துக் குற்றம் சாட்டின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளிலோ தவறு மிகக் குறைவு. அதைவிட வேடிக்கையானது இன்னொரு முடிவு: அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னதும், தவறான குற்றச்சாட்டுகள் பெருமளவு குறைந்தன. ஏ.ஐ.யைத் தொடாதவர் சந்தேகத்துக்குள்ளாகிறார், தொட்டவர் தப்பிக்கிறார்.

மென்பொருளை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட சொந்தக் கண்டறியும் கருவி, இயந்திர உரைகளில் 26 விழுக்காட்டை மட்டுமே சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குற்றம் சாட்டியது. துல்லியக் குறைவைக் காரணம் காட்டி ஜூலையில் அதை விலக்கிக்கொண்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிடின் நிறுவனத்தின் ஏ.ஐ. கண்டறியும் வசதியை நிறுத்தியது. ஒரு விழுக்காடு தவறு என்று வைத்துக்கொண்டாலும், 2022-இல் தாங்கள் சரிபார்த்த 75,000 கட்டுரைகளில் சுமார் 750 கட்டுரைகள் வீணாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இதிலிருந்து விண்ணப்பதாரர் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. முதலாவது, மென்பொருளுக்குப் பயந்து செய்யாததைச் செய்ததாகவோ செய்ததை மிகைப்படுத்தியோ அறிவிக்கத் தேவையில்லை. இரண்டாவது, எதையுமே பயன்படுத்தாதவரும் ஆதாரம் வைத்திருக்க வேண்டிய காலம் இது. கூகுள் டாக்ஸில் திருத்த வரலாறு தானாகவே சேமிக்கப்படும்; வேர்டில் கோப்பை ஒன்டிரைவில் வைத்து எழுதினால் அது சேமிக்கப்படும். முதல் கிறுக்கலிலிருந்து இறுதி வடிவம் வரை ஒரே கோப்பில் எழுதினால் அந்த வரலாறே சாட்சி.

தெரிவித்தால் இழப்பு உண்டா?

உண்டு என்பதே நேர்மையான விடை. 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், 13 சோதனைகளில், ஏ.ஐ. பயன்படுத்தியதாகத் தெரிவித்தவர்கள் மீதான நம்பிக்கை குறைந்தது. அதே ஆய்வின் மற்றொரு முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: தாமாகச் சொன்னவரைவிட, வேறொருவரால் அம்பலப்படுத்தப்பட்டவர் இன்னும் அதிக நம்பிக்கையை இழந்தார். ஆக, கணக்கு ‘சொல்வதா, சொல்லாமல் இருப்பதா’ என்பது அல்ல. ‘சிறிய உறுதியான இழப்பா, நிகழாமலும் போகக்கூடிய பெரிய இழப்பா’ என்பது. பெரிய இழப்பு என்பது சேர்க்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறுதல் வரை செல்லக்கூடியது. உறுதிமொழி பொய் என்று பின்னர் தெரிந்தால் நடவடிக்கை எடுக்கும் உரிமையைப் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்திலேயே தக்கவைத்துக்கொள்கின்றன.

இங்கேதான் அரிசோனாவின் ஒப்பீடு பொருள் பெறுகிறது. வெளிநாட்டுப் படிப்புக்கான கன்சல்டன்சிகள் பணம் வாங்கிக்கொண்டு எஸ்.ஓ.பி. எழுதிக் கொடுப்பது சென்னையிலும் கோவையிலும் ஊரறிந்த விஷயம். ஒரே வார்ப்பில் வார்த்த அந்த அறிக்கைகளைப் பற்றிப் பெரும்பாலான விண்ணப்பப் படிவங்கள் தனிக் கேள்வி கேட்டதில்லை. பணம் உள்ளவர் மனிதரை அமர்த்தினால் கேள்வி இல்லை, இல்லாதவர் இலவசக் கருவியைப் பயன்படுத்தினால் கேள்வி உண்டு என்றால், அந்த விதி நேர்மையை அளப்பதாகச் சொல்ல முடியாது. வெளி உதவி எதுவாயினும் ஒரே கேள்வியின் கீழ்க் கொண்டுவருவதே நியாயம். அதே தர்க்கம் விண்ணப்பதாரருக்கும் பொருந்தும்: கருவி செய்ததை, தெரிந்த ஒருவர் செய்திருந்தால் உறுதிமொழியில் கையெழுத்திட மனம் ஒப்புமா என்று கேட்டுப் பார்த்தால், மௌனமான படிவங்களில்கூட விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

எப்படிச் சொல்வது?

1. கேட்டிருந்தால், கேட்ட இடத்தில், கேட்ட அளவுக்கு. ஆம், இல்லை என்ற கட்டம் மட்டும் இருந்தால் உண்மையான விடையை இட வேண்டும். மேலதிக விளக்கத்துக்கு ‘கூடுதல் தகவல்’ பகுதி இருந்தால் அங்கே இரண்டு வாக்கியங்கள் போதும்.

2. கேட்காத இடத்தில், பிழை திருத்தத்தை அறிவிக்கத் தேவையில்லை. மேலே சொன்ன நான்காவது, ஐந்தாவது வகை உதவி பெற்றிருந்தால், சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வைப்பது நல்லது.

3. செயலைச் சொல்ல வேண்டும், பெயரை மட்டும் அல்ல. ‘சாட்ஜிபிடி பயன்படுத்தினேன்’ என்ற அறிவிப்பு எதையும் தெரிவிப்பதில்லை. படிப்பவர் ஆறாவது வகையையே கற்பனை செய்துகொள்வார். மாறாக இப்படி எழுதலாம்: ‘இந்த அறிக்கையின் கருத்துகள், அமைப்பு, முதல் வரைவு ஆகியவை என்னுடையவை. இறுதி வரைவில் இலக்கணத்தைச் சரிபார்க்கச் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். ஆய்வு அனுபவம் பற்றிய பகுதியில் மூன்று வாக்கியங்களை அது மாற்றித் தந்தது; அவற்றைச் சரிபார்த்து ஏற்றேன்.’

4. மன்னிப்புத் தொனி வேண்டாம். ‘என் ஆங்கிலம் மோசம் என்பதால்’ என்று தொடங்கும் அறிவிப்பு, கேட்காத ஒரு குறையைச் சேர்க்கைக் குழுவின் கையில் கொடுக்கிறது.

5. நோக்க அறிக்கையின் உள்ளே சொல்ல வேண்டாம். சொல் வரம்பு ஆய்வுக்கு உரியது.

6. வழிகாட்டியின் வெளியிடப்படாத ஆய்வு முடிவுகள் உங்கள் வரைவில் இருந்தால், அதைப் பொதுக் கருவியில் ஒட்டும் முன் அவரிடம் அனுமதி பெற வேண்டும். இரகசியம் காரணமாகவே அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2023 ஜூனில் தங்கள் மதிப்பீட்டாளர்களுக்கு, முன்மொழிவுகளை மதிப்பிட இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தன.

பரிந்துரைக் கடிதமும் மறுபக்கமும்

நம் கல்லூரிகளில் பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டால், ‘நீயே ஒரு டிராஃப்ட் எழுதிக்கொண்டு வா’ என்று சொல்வது புதிதல்ல. அந்த வரைவை இப்போது மாணவர் கருவியிடம் கேட்கிறார், பேராசிரியர் கையெழுத்திடுகிறார். ஒரே கல்லூரியிலிருந்து ஐந்து மாணவர்களுக்கு ஒரே நடையில் கடிதங்கள் போகின்றன. இங்கே அறிவிப்பால் சரியாகக்கூடியது எதுவும் இல்லை, ஏனெனில் பொய் கருவியைப் பற்றியதல்ல, எழுதியவர் யார் என்பதைப் பற்றியது. வரைவுக்குப் பதிலாக, தாம் செய்த திட்டப்பணி, அதில் நேர்ந்த சிக்கல், தீர்த்த விதம் ஆகியவற்றைக் குறிப்புகளாக மட்டும் கொடுப்பதே மாணவரால் செய்ய முடிந்தது.

வெளிப்படைத்தன்மை ஒருவழிப் பாதையாகவும் இருக்கக் கூடாது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை, முனைவர் பட்ட விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் இட கிரேடு என்ற இயந்திரக் கற்றல் அமைப்பை 2013 முதல் பயன்படுத்தி, விமர்சனங்களுக்கிடையே 2020-இல் கைவிட்டது. முந்தைய சேர்க்கை முடிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட அது, விண்ணப்பங்களைப் படிக்கும் நேரத்தை 74 விழுக்காடாவது குறைத்ததாக உருவாக்கியவர்கள் எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ள ஏ.ஐ. சட்டம், கல்விச் சேர்க்கையை முடிவு செய்யும் அமைப்புகளை அதிக ஆபத்து வகையில் சேர்த்து, அத்தகைய அமைப்பு பயன்படுத்தப்படுவதைப் பாதிக்கப்படுவோரிடம் தெரிவிக்கும் கடமையையும் வகுத்திருக்கிறது. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு அந்தச் சட்டம் துணை நிற்காது. கிரேடு எதைக் கற்றுக்கொண்டது என்பதை அதை உருவாக்கியவர்களே வெளியிட்டதால்தான் நமக்குத் தெரியும்: பரிந்துரைக் கடிதத்தில் ‘பெஸ்ட்’, ‘ரிசர்ச்’ போன்ற சொற்கள் மதிப்பெண்ணை உயர்த்தின, ‘குட்’, ‘கிளாஸ்’ போன்றவை குறைத்தன. ‘வகுப்பில் நல்ல மாணவர்’ என்று மனதாரப் பாராட்டி எழுதிய பேராசிரியருக்கு, அந்தச் சொற்கள் தம் மாணவருக்கு எதிராக வேலை செய்திருக்கும் என்று தெரிந்திருக்க வழியில்லை.